ஒரே ஈற்றில் முடியும் சிறிய ஆங்கிலச் சொற்கள்: சொல்லிக் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே ஈற்றில் முடியும் சொற்கள் என்று எவற்றைக் குறிப்பிடுகிறீர்கள்?

பெல், செல், டெல், வெல் என்று ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்லக்கூடிய சின்னஞ்சிறு ஆங்கிலச் சொற்களைத்தான். இவற்றில் முதல் ஒலி மட்டும் மாறுகிறது. அதற்குப் பின்னால் வரும் உயிரும் மெய்யும் ஒலியிலும் எழுத்திலும் மாறாமல் நிற்கின்றன. அப்படி மாறாமல் நிற்கும் பகுதியை ஈறு என்றும், ஓர் ஈற்றைப் பகிர்ந்துகொள்ளும் சொற்களை ஒரு குடும்பம் என்றும் இங்கே சொல்கிறேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் வைலி, டொனால்ட் டரெல் ஆகிய இருவரும் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வெறும் 37 ஈறுகளிலிருந்து தொடக்க வகுப்புச் சொற்கள் ஏறத்தாழ 500 கிடைக்கின்றன என்று காட்டினார்கள். 500 சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதையும் 37 ஈறுகளைப் பழகிக்கொள்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த வழியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும்.

சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டு முக்கியமாகும் இடங்களில் ஆங்கில எழுத்தின் பெயரைச் சொல்கிறேன். அங்கே டி என்பது நான்காம் எழுத்து, டீ என்பது இருபதாம் எழுத்து. படிக்கும்போது அந்தச் சொற்களை ஒரு தாளில் ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து இந்தக் குடும்பங்களைப் பல இடங்களில் மறைத்துவிடுகிறது.

ஆங்கிலக் குழந்தைகள் எளிதாகப் பிடித்துக்கொள்ளும் இந்த முறை நம் குழந்தைகளுக்கு ஏன் முதலில் பிடிபடுவதில்லை?

குழந்தை சொல்லை வெட்டும் இடம் வேறு என்பதுதான் காரணம். இதைக் கவனிக்காமல் பட்டியலை மட்டும் கையில் கொடுத்தால் முழு முயற்சியும் மனப்பாடமாகப் போய்விடும்.

பெல் என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கச் சொன்னால் தமிழ் படிக்கும் குழந்தை பெ, ல் என்று பிரிக்கும். அது சரியான தமிழ்ப் பிரிப்பு. ஆனால் ஆங்கிலக் குடும்பம் கேட்பது ப், எல் என்ற பிரிப்பை. உயிர்மெய் எழுத்தில் மெய்யும் உயிரும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், முதல் மெய்யை மட்டும் கழற்றி எடுக்கலாம் என்பது குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, எகரத்தின் ஒலி மெய்க்குப் பின்னால் வர, அதைக் காட்டும் கொம்போ மெய்க்கு முன்னால் நிற்கிறது. பெல், செல், டெல் மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டால் பல குழந்தைகள் 'ல்' என்று மட்டும் சொல்வது இதனால்தான்.

மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. ப் + எ = பெ என்ற உயிர்மெய்ப் பாடம் குழந்தைக்கு முன்பே தெரியும். அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள். பெல் என்பதை ப் + எ + ல் என்று முழுவதும் பிரித்து எழுதி, பின் இரண்டையும் சேர்த்து எல் என்று வாசிக்க வைத்து, அதன் முன்னால் ச், ட், வ் என்று ஒவ்வொரு மெய்யாக மாற்றுங்கள். நான் மாலையில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஒரு பயிற்சி கைவந்த பிறகுதான் அவர்களுக்குக் குடும்பம் என்பது உண்மையிலேயே தெரியத் தொடங்கியது.

எதுகை கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதல்லவா?

பாதி உதவும். பட்டு, தட்டு, கட்டு என்று அடுக்கி மகிழும் குழந்தைக்கு முதல் எழுத்து மாறி மற்றவை நிற்கும் இன்பம் ஏற்கெனவே தெரியும். ஆனால் எதுகைக்கு முதல் எழுத்தின் மாத்திரை அளவு ஒத்திருந்தால் போதும். உயிர் ஒத்திருக்க வேண்டியதில்லை. கல்லும் புல்லும் எதுகையாகலாம். ஆங்கிலத்தில் பெல் என்பதும் பில் என்பதும் வெவ்வேறு குடும்பங்கள். உயிரும் சேர்ந்து ஒத்திருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லித்தான் ஆக வேண்டும்.

எந்த ஈற்றிலிருந்து தொடங்குவது நல்லது?

பெரும்பாலான ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் பூனையும் தொப்பியும் பாயும் வரும் ஏ-டீ ஈற்றிலிருந்து தொடங்குகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கு அது பொருத்தமே. நம் குழந்தைக்கு அதில் இரண்டு புதிய சுமைகள் உள்ளன: தமிழில் இல்லாத ஓர் உயிர், தமிழ்ச் சொல் ஒருபோதும் முடியாத ஒரு மெய். எனவே உயிரும் ஈற்று மெய்யும் தமிழுக்குப் பழகியவையாக இருக்கும் ஈறுகளை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவற்றில் தலையாயது ஈ-எல்-எல் ஈறு. நெல், செல், வெல், மெல் என்று தமிழிலேயே இப்படி முடியும் சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் பெல் என்றால் மணி. டெல் என்றால் சொல். வெல் என்றால் கிணறு, நன்றாக என்ற இரு பொருள். யெல் என்றால் கத்து. ஸ்மெல் என்றால் மணம், முகர்தல். ஷெல் என்றால் சிப்பி, ஓடு. ஸ்பெல் என்றால் எழுத்துக்கூட்டு, மந்திரம். ஃபெல் என்றால் விழுந்தது, மரத்தை வெட்டிச் சாய்த்தல். செல் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு: எஸ் எழுத்தில் தொடங்குவது விற்பதையும், சி எழுத்தில் தொடங்குவது சிற்றறை, உயிரணு, மின்கலம் ஆகியவற்றையும் குறிக்கும்.

அடுத்தது ஈ-என் ஈறு. ஹென் என்பது பெட்டைக்கோழி, மென் என்பது ஆண்கள், தென் என்பது பிறகு, வென் என்பது எப்போது. பென் என்பது எழுதும் பேனா மட்டுமன்று, ஆடுகளை அடைக்கும் பட்டியும்கூட. இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒலியில் ஒன்றாகிப் போனவை. எழுதும் பென் இறகைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் சொல்லும் பேனாவும் அதே லத்தீன் சொல்லின் வழிவந்ததுதான்; ஆங்கிலம் வழியாக வராமல் போர்த்துகீசியம் வழியாக நம்மிடம் வந்தது.

மூன்றாவது ஐ-என் ஈறு. பின் (குண்டூசி), டின் (தகரம்), வின் (வெற்றி பெறு), தின் (மெல்லிய), ஸ்கின் (தோல்), ஃபின் (மீனின் துடுப்பு), ஸ்பின் (சுழற்று, நூல் நூற்றல்), ட்வின் (இரட்டையரில் ஒருவர்). தின், பின் என்பவற்றுக்குத் தமிழிலும் பொருள் உண்டு என்பதைக் குழந்தையே கண்டுபிடித்து வியக்கும். அந்த வியப்பைத் தடுக்காதீர்கள்.

எங்கள் பிள்ளை 'கப்பு', 'புக்கு', 'பஸ்ஸு' என்றே சொல்கிறாள். இது சோம்பலா?

இல்லை. தமிழின் இலக்கணத்துக்கு அவள் நாக்கு கட்டுப்படுகிறது. தமிழ்ச் சொல் மெய்யில் முடிய வேண்டுமானால் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்ற 11 மெய்களில்தான் முடியலாம்; க், ட், ப் முதலிய வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. அப்படி ஒரு சொல் வெளியிலிருந்து வந்தால் நாம் உகரம் சேர்த்து அதைத் தமிழாக்கிக்கொள்கிறோம். பேச்சுத் தமிழில் அது தவறே இல்லை. ஆங்கிலக் குடும்பங்களைப் பழகும்போது மட்டும் அந்த உகரம் இடையூறு செய்கிறது, ஏனெனில் ஓரசைச் சொல் ஈரசையாகி ஈற்றின் வடிவமே மாறிவிடுகிறது.

திருத்துவதற்கு ஓர் எளிய வழி உண்டு. சொல்லின் இறுதியில் வராத அந்த மெய்கள் தமிழ்ச் சொல்லின் நடுவில் தாராளமாக வருகின்றன. கப்பல் என்று சொல்லத் தொடங்கி 'கப்' என்ற இடத்தில், உதடுகள் மூடியபடியே நிறுத்தச் சொல்லுங்கள். பட்டம் என்பதில் 'பட்' என்ற இடத்திலும், பக்கம் என்பதில் 'பக்' என்ற இடத்திலும் அப்படியே நிறுத்தட்டும். இவ்வாறு நாலைந்து நாள் பழகிய பிறகு ஏ-டீ, ஓ-டீ, ஐ-சி-கே போன்ற வல்லின ஈறுகளுக்குப் போகலாம்.

பூனைக்கும் வாயிற்கதவுக்கும் தமிழில் 'கேட்' என்றே எழுதுகிறோமே?

ஏ-டீ குடும்பத்தில் உள்ள உயிர் தமிழில் இல்லை. வாயை ஏகாரத்துக்குத் திறப்பதைவிட அகலமாகவும், ஆகாரத்துக்குத் திறப்பதைவிடக் குறைவாகவும் திறந்து, குறுக்கி ஒலிக்க வேண்டிய உயிர் அது. எழுத்து இல்லாததால் ஒரு சொல்லுக்கு ஏகாரத்தையும் மற்றொன்றுக்கு ஆகாரத்தையும் போடுகிறோம். பூனை கேட் ஆகிறது. கிரிக்கெட் மட்டை பேட் ஆகிறது. தட்டையானதோ ஃபிளாட் என்று ஆகாரம் பெறுகிறது. ஏ-என் குடும்பத்திலும் அப்படியே: விசிறி ஃபேன், ஆண் மேன், திட்டம் மட்டும் பிளான். ஆங்கிலத்தில் ஒரே ஈறு, ஒரே ஒலி. தமிழில் எழுதியதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே, ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துப் படிக்கும் பழக்கத்தை இந்த இரண்டு குடும்பங்களிலாவது விட்டுவிட வேண்டும். ஒலியை வாயால் சொல்லிக் காட்டுங்கள், எழுத்தை ஆங்கிலத்தில் காட்டுங்கள்.

ஏ-டீ குடும்பத்தில் குழந்தைக்கு உடனே பயன்படுபவை: பூனை, மட்டை அல்லது வௌவால், கொழுப்பு அல்லது பருத்த, தொப்பி, பாய், எலி, உட்கார்ந்தான், தட்டையான, அரட்டை, அது. ஏ-என் குடும்பத்தில்: முடியும் அல்லது தகரக் குவளை, விசிறி அல்லது ரசிகர், ஆண், வாணலி, ஓடினான், வேன், திட்டம். விசிறி என்ற பொருளும் ரசிகர் என்ற பொருளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. ரசிகரைக் குறிக்கும் ஃபேன், வெறியரைக் குறிக்கும் ஃபெனட்டிக் என்ற சொல்லின் சுருக்கம். அன்னத்தைக் குறிக்கும் ஸ்வான் ஏ-என் ஈற்றில் முடிந்தாலும் உயிர் வேறு. 'என்ன' என்று பொருள்படும் வாட் ஏ-டீ ஈற்றில் முடிந்தாலும் அப்படியே. இரண்டிலும் ஈற்றுக்கு முன்னால் டபிள்யூவின் ஒலி நிற்பதும் அது உயிரை மாற்றிவிட்டதும் காரணம்.

'பென்' என்றும் 'டென்' என்றும் எழுதினால் எந்தச் சொல் என்று எப்படித் தெரியும்?

தமிழ் எழுத்தில் தெரியாது. டென் என்பது பத்தாகவும் இருக்கலாம், விலங்கின் குகையாகவும் இருக்கலாம். முதல் ஒலியை மட்டும் மாற்றிப் புதுச் சொல் உண்டாக்குவதே இந்த முறையின் உயிர் என்பதால், அந்த முதல் ஒலி மயங்கினால் எல்லாமே மயங்கும். அதிர்வுள்ள ஒலி தமிழுக்குப் புதியது என்று குழந்தையிடம் சொல்லாதீர்கள். அது புதியதன்று, தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் எப்போதும் வருகிறது. பத்து என்பதன் முதல் எழுத்தையும் தம்பி என்பதன் கடைசி எழுத்தையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டம்–வண்டி, கல்–தங்கம் என்ற இணைகளும் அப்படியே. தம்பியிலிருந்து எடுத்த ஒலியைச் சொல்லின் முதலில் வைப்பதுதான் புதிய வேலை.

ஐ-என்-ஜி ஈற்றில் முடியும் சொற்கள் எவை? அவற்றில் கவனிக்க வேண்டியது என்ன?

பொருள் வளம் மிக்க குடும்பம் இது. கிங் அரசன், விங் சிறகு, சிங் பாடு, ஸ்விங் ஊஞ்சல், ஸ்டிங் கொட்டு, ஸ்லிங் கவண், கிளிங் பற்றிக்கொள், ஃபிளிங் வீசியெறி, பிரிங் கொண்டுவா, திங் பொருள், ஸ்ட்ரிங் கயிறு அல்லது இசைக்கருவியின் நரம்பு. ரிங் என்று ஒலிப்பவை இரண்டு: மோதிரத்தையும் மணியடித்தலையும் குறிப்பது ஆர் எழுத்தில் தொடங்கும், ஈரத் துணியைப் பிழிவதைக் குறிப்பது, ஒலிக்காத டபிள்யூவில் தொடங்கும். ஸ்பிரிங் என்ற ஒரே சொல் சுருள்வில், இளவேனில், நீரூற்று, துள்ளுதல் என நான்கையும் குறிக்கும். பூமியிலிருந்து நீர் துள்ளி எழுவது ஊற்று, செடிகள் துளிர்த்து எழுவது இளவேனில் என்று விளக்கினால் நான்கும் ஒரே வேரில் சேர்ந்து நினைவில் நிற்கும்.

உச்சரிப்பில், கடைசி ஜி தனியே ஒலிப்பதில்லை. நாம் 'கிங்கு' என்று சொல்லும்போது ஒரு ககரத்தைச் சேர்த்துவிடுகிறோம். அங்ஙனம், இங்ஙனம் என்ற சொற்களில் வரும் ங் எதுவோ அதுவே இந்த ஈற்றின் ஒலி.

இன்னொன்று: ஈறு ஒன்றாக இருப்பதால் இறந்தகாலமும் ஒன்றாக இருக்கும் என்று குழந்தை எண்ணும். பாடினான் சேங், கொட்டியது ஸ்டங், கொண்டுவந்தான் பிராட் என்று மூன்றும் மூன்று வழியில் போகின்றன. இதை முன்கூட்டியே சொல்லிக் குழப்ப வேண்டாம். கேள்வி வரும்போது சொன்னால் போதும்.

சில சொற்களின் கடைசியில் ஒலிக்காத ஈ எதற்கு நிற்கிறது?

முன்னால் உள்ள உயிர் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு. பொருளற்ற எழுத்து என்று அதை ஒதுக்கிவிட முடியாது. குண்டூசியைக் குறிக்கும் பின் என்ற சொல்லோடு ஈ சேர்ந்தால் பைன் மரம்; ஒற்றைக் காலில் துள்ளுவதைக் குறிக்கும் ஹாப் என்பதோடு சேர்ந்தால் நம்பிக்கையைக் குறிக்கும் ஹோப். ஏ-கே-ஈ ஈற்றில் கேக், லேக் (ஏரி), மேக் (செய்), டேக் (எடு), பேக் (அடுப்பில் சுடு), வேக் (விழி), ஸ்னேக் (பாம்பு) ஆகியவை வருகின்றன.

இதன் பின்னால் அழகான வரலாறு ஒன்று உண்டு. அந்த ஈ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. பெயர் என்று பொருள்படும் நேம் என்ற சொல், இடைக்கால ஆங்கிலத்தில் ஏறத்தாழ 'நாம' என்று ஒலித்தது. வடமொழி வழியே நம்மிடம் வந்த நாமம் என்ற சொல்லும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. பிறகு ஈற்று உயிர் தேய்ந்து மறைந்தது. சுமார் 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்ததால் ஆகாரம் ஏகாரமானது. ஒலி போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது.

ஐ-ஜி-எச்-டீ ஈற்றில் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகளும் ஒலிப்பதில்லையே?

முன்பு ஒலித்தன. தமிழின் ஆய்தத்தை ஒலிக்கும்போது எழுவதைப் போன்ற ஓர் உரசல் அங்கே இருந்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் இரவுக்கு நாஹ்ட் என்றும் ஒளிக்கு லிஹ்ட் என்றும் சொல்லும்போது அந்த உரசலை இன்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் அது மறைந்து உயிர் நீண்டது.

நைட் (இரவு), லைட் (ஒளி, எடை குறைந்த), ரைட் (சரி, வலப்பக்கம், உரிமை), சைட் (பார்வை), டைட் (இறுக்கமான), ஃபைட் (சண்டை), மைட் (வலிமை), பிரைட் (ஒளிமிக்க), ஃபிரைட் (அச்சம்), ஃபிளைட் (பறத்தல், வானூர்திப் பயணம்) என்று சிறிதும் மாறாத ஒலியோடு வரும் குடும்பம் இது. எழுத்துகள் அச்சுறுத்தினாலும், இதைப் போல் நம்பத்தக்க ஈறு ஆங்கிலத்தில் குறைவு. ஈ எழுத்து முன்னால் சேர்ந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: எட்டு, எடை என்று பொருள்படும் எய்ட், வெய்ட் ஆகியவற்றில் ஐகாரம் இல்லை; உயரத்தைக் குறிக்கும் ஹைட்டில் உண்டு.

ஈறு ஒன்றாக இருந்தும் ஒலி மாறும் சொற்களை என்ன செய்வது?

அவற்றைத் தனிக் குடும்பங்களாகப் பிரித்து, காலம் தாழ்த்திக் கற்பிக்க வேண்டும். ஓ-ஓ-டி ஈற்றைப் பாருங்கள். குட் (நல்ல), ஸ்டுட் (நின்றான்) என்பவற்றில் உகரம். ஃபூட் (உணவு), மூட் (மனநிலை) என்பவற்றில் ஊகாரம். பிளட் (இரத்தம்), ஃபிளட் (வெள்ளம்) என்பவற்றில் அகரத்தை ஒத்த உயிர். பழைய ஆங்கிலத்தில் நல்லதும் உணவும் இரத்தமும் வெள்ளமும் ஒரே ஓகாரத்தோடு ஒலித்தவை. அந்த ஓகாரம் ஊகாரமான பிறகு, இரத்தமும் வெள்ளமும் முதலில் குறுகின, நல்லது பிறகு குறுகியது, உணவு குறுகவே இல்லை. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் வெவ்வேறு காலத்தில் வெளியேறியதால் வந்த வேறுபாடு இது.

ஓ-டபிள்யூ ஈற்றில் கவ் (பசு), நவ் (இப்போது) ஒரு பக்கம். லோ (தாழ்ந்த), ஸ்னோ (உறைபனி), நோ (அறி) மறுபக்கம். ஓ-யூ-ஜி-எச் ஈற்றைக் குடும்பமாகக் கற்பிக்கவே கூடாது. த்ரூ (ஊடாக), தோ (எனினும்), டஃப் (கடினமான), காஃப் (இருமல்) என்று ஒவ்வொன்றும் தனியாகவே படிக்கப்பட வேண்டியவை.

நாளொன்றுக்கு எத்தனை சொற்கள் போதும்? எல்லாப் பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஒரு நாளைக்கு ஓர் ஈறு, அதில் ஐந்தாறு சொற்கள். குழந்தை தொட்டுப் பார்க்கவோ செய்து காட்டவோ கூடிய சொற்களின் பொருளை மட்டும் முதலில் சொல்லுங்கள். பாய், தொப்பி, மணி, கிணறு, பேனா இவை கண்ணெதிரே இருப்பவை. தோல் பதனிடுதல், கவண் போன்றவை பிறகு வாசிப்பில் எதிர்ப்படும்போது வரட்டும். ஈற்றை வாசிக்கத் தெரிந்த குழந்தை பொருள் தெரியாத சொல்லையும் சரியாக ஒலித்துவிட்டு, 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பது பத்துப் பொருள்களை முன்கூட்டித் திணிப்பதைவிட மேலானது.

ஈற்றைப் புரிந்துகொண்டாளா, மனப்பாடமாகச் சொல்கிறாளா என்று எப்படி அறிவது?

பட்டியலில் இல்லாத ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஈ-எல்-எல் ஈற்றின் முன் ஜே எழுத்தை வைத்தால் ஜெல் வரும். கூழ்போல் உறைவதைக் குறிக்கும் அந்தச் சொல்லை அவள் கேட்டிருக்க மாட்டாள், ஆனாலும் வாசிக்கத் தெரிய வேண்டும். தயங்காமல் வாசித்துவிட்டால் வெட்டும் இடம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பழக்கமான சொற்களைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு இதில் மட்டும் நின்றுவிட்டால், ப் + எ + ல் என்ற முதல் பயிற்சிக்கே திரும்பிச் செல்லுங்கள். இரண்டு நாள் அதில் செலவானாலும் பரவாயில்லை.